ஹால் சுவரில் பாக்ஸ் பீடிங்: சுவிட்ச்போர்டு குறுக்கே வருது, கட்டத்தை எப்படிப் பிரிக்கறது?

புதுச்சாவி

ஹால்ல ஒரே ஒரு சுவருக்கு மட்டும் கட்டம் கட்டமா பீடிங் (மெல்லிய அலங்காரக் குச்சி) ஒட்டி எடுப்பா பண்ணலாம்னு இருக்கேன். செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, பட்டி பார்த்து எமல்ஷன் அடிச்சது. நீளம் 12 அடி, டேப்ல பார்த்தா 3658 மி.மீ. உயரம் 9 அடி, 2743 மி.மீ.

மனசுல இருக்கிற அமைப்பு இதுதான்: தரையில 100 மி.மீ. ஸ்கர்ட்டிங், கூரை ஓரத்துல 75 மி.மீ. கார்னிஸ், 900 மி.மீ. உயரத்துல குறுக்கே 60 மி.மீ. பட்டை. பட்டைக்குக் கீழ ஒரு வரிசைக் கட்டம், மேல ஒரு வரிசை. கட்டத்துக்கு 30 மி.மீ. அகல பீடிங். எல்லாம் ஒரே வெள்ளை.

சிக்கல் என்னன்னா, இடது மூலையிலிருந்து 800 மி.மீ. தள்ளி ஒரு சுவிட்ச்போர்டு இருக்கு. அகலம் 220, அதோட அடி விளிம்பு தரையிலிருந்து 1200. நாலு கட்டமா பிரிச்சா பீடிங் அது மேலயே வந்து நிக்குது. போர்டை நகர்த்தாம வழி உண்டா?

அப்புறம் எம்டிஎஃப் (மரநார்ப் பலகை), பிவிசி, பாலிஸ்டைரீன், பியூ (பாலியூரித்தேன்; கடைசி மூணும் பிளாஸ்டிக் வகை)ன்னு நாலு சொல்றாங்க. எதை எடுக்கறது? ஆணி அடிக்கணுமா, பசை மட்டும் போதுமா? வலது கைப் பக்கத்துச் சுவருக்குப் பின்னாடி பாத்ரூம். அந்தச் சுவர்ல தரையிலிருந்து ஒரு அடி உயரம் வரைக்கும் பெயின்ட் உப்பிக்கிட்டு இருக்கு. அங்க பிவிசி ஷீட் ஒட்டி மறைச்சுட்டா ஆச்சா?

---

கரணை

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: மறைக்காதீர்கள்.

பாத்ரூமை ஒட்டிய சுவரின் அடியில் பெயின்ட் உப்புகிறது என்றால் தண்ணீர் அநேகமாக அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. டைல் இடுக்கு, தரைச் சல்லடை வாய், சுவருக்குள் போகும் பைப் இணைப்பு, இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். இப்போது அந்த ஈரம் உங்கள் ஹால் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டிருக்கிறது. பிவிசி ஷீட் ஒட்டினால் அந்த வழி அடைபடும். ஓதம் ஷீட்டுக்குப் பின்னாலேயே மேலே ஏறி, ஷீட் முடியும் இடத்தில் மறுபடி உப்பும். ஈரத்தோடு வரும் உப்பு பூச்சுக்கும் பெயின்டுக்கும் நடுவே படிகமாகி பெயின்டைத் தள்ளும். உங்கள் பசை பிடித்திருப்பது அந்தப் பெயின்டைத்தான். ஷீட் பெயின்ட் தோலோடு சேர்ந்தே கையில் வந்துவிடும். பிவிசிக்கு ஒன்றும் ஆகாது என்பது உண்மை, சுவருக்கு ஆகும்.

எதையும் வாங்குவதற்கு முன் பாலிதீன் சோதனை செய்து பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரத்துக்குக் கெட்டியான பாலிதீனை வெட்டி, நாலு ஓரத்தையும் காற்று புகாமல் டேப் ஒட்டி 48 மணி நேரம் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் ஈரம் சுவருக்குள் இருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் நின்றால் அது அறைக் காற்றின் ஈரம்; அதற்குத் தேவை காற்றோட்டம், சுவர் வேலை அல்ல. பீடிங் ஒட்டப் போகும் பெரிய சுவரிலும் இதே சோதனையை இரண்டு இடத்தில் செய்யுங்கள், ஒன்று வலது மூலைக்குப் பக்கத்தில்.

கசிவை அடைத்த பிறகும் சுவர் உடனே காயாது. தோராயக் கணக்கு, ஒவ்வொரு 25 மி.மீ. கனத்துக்கும் ஒரு மாதம். உப்பிய பூச்சைச் செங்கல் வரை கொத்தி எடுத்துவிட்டால் சீக்கிரம் காயும். வெளியே பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஈரத் துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும்.

பெரிய சுவருக்கு இரண்டே வேலை. முதலாவது, பெயின்டின் பிடிப்பு. பிளேடால் சின்னச் சின்னக் கட்டமாகக் கீறி, அதன் மேல் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பெயின்ட் துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்தால், பீடிங் போகும் தடத்தில் மட்டுமாவது பட்டி தெரியும் வரை சுரண்டி, பிரைமர் அடித்துத்தான் ஒட்ட வேண்டும். கையால் தேய்த்தால் மாவு ஒட்டும் டிஸ்டெம்பரோ சுண்ணாம்போ அடியில் இருந்தால் சோதனையே தேவையில்லை, சுரண்டியே ஆக வேண்டும். இரண்டாவது, மேடு பள்ளம். 6 அடி அலுமினிய மட்டக்கோலை சுவரில் சாய்த்து எல்லாத் திசையிலும் நகர்த்துங்கள். ஒரு நூல், அதாவது 3 மி.மீ., வரை அடியில் வெளிச்சம் தெரிந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் பீடிங் ஒட்டுவதற்கு முன்பே பட்டியால் நிரப்புங்கள். ஒட்டிய பிறகு நிரப்பினால் ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் பட்டி தடவிய அடையாளம் தெரியும்.

---

ரசமட்டம்

போர்டை நகர்த்த வேண்டாம். கட்டத்தின் எண்ணிக்கையை மாற்றினால் போதும்.

பீடிங்கின் பூவேலையை விட இடைவெளிதான் கண்ணில் முதலில் படும். அதனால் இடைவெளியை முடிவு செய்துவிட்டு மிச்சத்தைக் கட்டத்துக்குக் கொடுப்பதே முறை. கட்டங்களை விட இடைவெளி எப்போதும் ஒன்று கூடுதல். இரண்டு மூலையிலும் ஒன்று வருகிறதல்லவா. ஆகவே சுவர் நீளத்திலிருந்து மொத்த இடைவெளியைக் கழித்து, கட்ட எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கட்டத்தின் அளவு என்று நான் சொல்வதெல்லாம் பீடிங்கின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு.

இடைவெளி 100 மி.மீ. என்று வைத்துப் பார்ப்போம்.

நாலு கட்டம்: 3658 − 500 = 3158, ஒரு கட்டம் 789. முதல் கட்டம் 100-இல் தொடங்கி 889-இல் முடிகிறது, அடுத்தது 989-இல் தொடங்குகிறது. உங்கள் போர்டு 800 முதல் 1020 வரை. இரண்டு நிமிர் பீடிங்கையும் முழுங்குகிறது.

ஐந்து கட்டம்: 3658 − 600 = 3058, ஒன்று 611. இரண்டாவது கட்டம் 811-இல் தொடங்கும். போர்டின் இடது விளிம்பு 800. இதுவும் இடிக்கிறது.

மூன்று கட்டம்: 3658 − 400 = 3258, ஒன்று 1086. முதல் கட்டம் 100 முதல் 1186 வரை. போர்டு முழுக்க உள்ளே வந்துவிடுகிறது, வலது பக்கம் பீடிங்கின் வெளி விளிம்புக்கு 166 மி.மீ. மிச்சம். அடுத்த இரண்டும் 1286–2372, 2472–3558. கடைசியில் 100. கணக்கு முடிந்தது.

மூன்றுக்கு இன்னொரு நன்மை, சுவரின் நடுவில் ஒரு கட்டம் வந்து உட்காரும். சோபாவோ படமோ நடுவில் வைக்கும்போது இரட்டைப்படை எண்ணிக்கையில் நட்ட நடுவே ஒரு இடைவெளிதான் கிடைக்கும், அது உறுத்தும்.

உயரம்: ஸ்கர்ட்டிங் 100-இல் முடிகிறது, பட்டையின் அடி 840. நடுவில் 740. மேலும் கீழும் 100 விட்டால் கீழ்க்கட்டம் 540 உயரம், 200 முதல் 740 வரை. மேலே, பட்டையின் தலை 900, கார்னிஸின் அடி 2668. இடையில் 1768, நூறு நூறு போக மேல்கட்டம் 1568, அதாவது 1000 முதல் 2568 வரை. போர்டின் அடி 1200 என்பதால் கீழ்ப் பீடிங்கின் வெளி விளிம்புக்கும் போர்டுக்கும் 200 மி.மீ. இருக்கிறது.

900-இல் பட்டை வைப்பது சரி, அது உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. கூரை 8 அடியாக இருந்தால் 800-க்கு இறக்குவேன். பாதி உயரத்தில் மட்டும் வைக்கவே கூடாது, சுவர் இரண்டாக வெட்டுப்பட்டதுபோல் நிற்கும்.

கோடு போடும்போது ஒரு எச்சரிக்கை. தரையிலிருந்து ஒவ்வொரு இடத்திலும் 900 அளந்து புள்ளி வைக்காதீர்கள். தரை மட்டமாக இருக்காது, கூரையும் இருக்காது. ஒரு இடத்தில் 900 குறித்துக்கொண்டு, லேசர் அல்லது ட்யூப் மட்டத்தால் அதைச் சுவர் முழுக்கக் கொண்டுபோய் நூல் அடியுங்கள். மற்ற எல்லாக் குறுக்குக் கோடும் அந்த ஒரே கோட்டிலிருந்து மேலும் கீழுமாக அளந்து வர வேண்டும். தரையில் 6 மி.மீ. வாட்டம் இருந்தால் அது ஸ்கர்ட்டிங்கின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும், யாரும் பார்ப்பதில்லை. நிமிர் கோட்டுக்குத் தூக்குக்குண்டு. மூலையை நம்பி அதிலிருந்து அளந்தால், மூலை சாய்ந்திருக்கும் அளவு எல்லாக் கட்டமும் சாயும்.

கோடு போட்டதும் 1 அங்குல மாஸ்கிங் டேப்பை அந்தத் தடத்திலேயே ஒட்டி, சோபாவை இழுத்துப் போட்டுப் பாருங்கள். சோபா முதுகு 850 உயரம் இருந்தால் நடுக்கீழ்க்கட்டம் மொத்தமும் அதன் பின்னால்தான் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு செய்வது வேறு, ஒட்டிய பிறகு கண்டுபிடிப்பது வேறு.

---

புதுச்சாவி

மூணு கட்டம் பிரமாதமா உட்காருது, நன்றி. பீடிங் 2400 மி.மீ. நீளத்துல வருது. எத்தனை எடுக்கணும்? 10 சதவீதம் கூட எடுத்தாப் போதும்னு சொல்றாங்க.

---

இழைப்புளி

சதவீதக் கணக்கு இங்கே உதவாது. எந்தக் குச்சியில் எந்தத் துண்டு விழும் என்று எழுதிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

உங்களுக்குத் தேவையானவை: 1568-இல் 6 துண்டு, 540-இல் 6, 1086-இல் 12. சுற்றளவைக் கூட்டினால் 25.7 மீட்டர், வகுத்தால் 11 குச்சி என்று வரும். அது தப்பு. ஒரு குச்சியில் 1568 வெட்டினால் மிச்சம் 832. அதில் 1086 வராது, 540 வரும். ஆக 6 குச்சியில் 1568-ம் 540-ம் ஜோடியாக முடிந்துவிடும். 1086 ஒரு குச்சிக்கு இரண்டு, அதற்கு 6 குச்சி. மொத்தம் 12. வெட்டுத் தப்பினால் ஈடுகட்ட மிச்சத் துண்டு எதுவும் உதவாது என்பதால் இரண்டு கூடுதலாக, 14 எடுங்கள். எல்லாம் ஒரே லாட்டில். அடுத்த தடவை போய் வாங்கும் குச்சி அரை மி.மீ. கனம் மாறி வந்தாலும் மூலையில் படி தெரியும்.

(வேடிக்கை என்னவென்றால் நாலு கட்டம் போட்டிருந்தால் 13 குச்சி ஆகியிருக்கும்.)

ரம்பம் ஒரு வெட்டுக்கு 3 மி.மீ. தின்னும், சாய்வெட்டில் அது 4-க்கு மேல். மேலே சொன்ன கணக்கில் எல்லாக் குச்சியிலும் 200 மி.மீ.க்கு மேல் மிஞ்சுவதால் கவலை இல்லை.

வெட்டுவது பற்றி. கட்டம் சமச் சுவரில் உட்கார்வதால் எல்லா மூலையும் 45 டிகிரிதான். ஆனால் ரம்பத்தின் முள் 45 காட்டுவதை நம்ப வேண்டாம். இரண்டு வேஸ்ட் துண்டை வெட்டி மூலைமட்டத்தில் சேர்த்துப் பாருங்கள். உள்பக்கம் வாய் பிளந்தால் ரம்பத்தின் கோணம் 45-க்குக் கூடுதல், வெளிப்பக்கம் பிளந்தால் குறைவு. 30 மி.மீ. பீடிங்கில் சாய்வெட்டின் நீளம் 42 மி.மீ. அரை டிகிரி பிசகினாலே இரண்டு துண்டும் சேர்ந்து முக்கால் மி.மீ. திறந்துகொள்ளும். வெள்ளைப் பெயின்டில் அது கறுப்புக் கோடாகத் தெரியும்.

கோணத்தை விட அதிகம் கெடுப்பது நீள வித்தியாசம். எதிரெதிர்த் துண்டுகள் இரண்டும் மயிரிழை மாறாமல் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் டேப்பால் அளந்து வெட்டினால் அது நடக்காது. ரம்ப மேஜையில் ஒரு கட்டையை ஸ்க்ரூ போட்டு நிறுத்தி, 1086 பன்னிரண்டையும் அதில் முட்ட வைத்தே வெட்டுங்கள். பிறகு கட்டையை நகர்த்தி 1568, பிறகு 540. முட்டுமிடத்தில் மரத்தூள் சேர்ந்தால் நீளம் குறையும், ஒவ்வொரு வெட்டுக்கும் ஊதிவிடுங்கள். பல் அதிகமுள்ள பிளேடு போடுங்கள். 10 அங்குல ரம்பத்துக்கு 80 பல். குறைந்த பல் எம்டிஎஃப் ஓரத்தைப் பிய்க்கும்.

கீழ்க்கட்டம் மூன்றையும் மேஜையிலேயே சட்டமாகச் சேர்த்துவிடலாம். மூலையில் சூப்பர்க்ளூ, எதிர்த்துண்டில் ஆக்டிவேட்டர் ஸ்ப்ரே, பத்து விநாடி பிடித்தால் நின்றுவிடும். மூலைவிட்டம் இரண்டும் 1213 வருகிறதா பாருங்கள். மேல்கட்டத்துக்கு மூலைவிட்டம் 1907. அது பெரிதாக இருப்பதால் சட்டமாகத் தூக்கும்போது மூலை முறியும். துண்டு துண்டாகச் சுவரிலேயே ஏற்றுங்கள். முதலில் அடித்துண்டு நூல் கோட்டில், பிறகு இரண்டு நிமிர், கடைசியில் தலை. இடைவெளிக்குத் துல்லியமாக 100 மி.மீ. அகலத்தில் வெட்டிய பிளைவுட் துண்டை வைத்து நகர்த்திக்கொண்டே போனால் டேப்பே வேண்டாம்.

பசையா ஆணியா என்றால், பூச்சுச் சுவரில் கட்ட பீடிங்குக்குப் பசைதான் பிடிமானம். 18 கேஜ் பின் ஆணி மரத்துக்கும் ஜிப்சம் போர்டுக்கும் செய்தது. கெட்டிப் பூச்சில் வளையும், இளகிய பூச்சில் பொடியாக்கிவிட்டு ஆடும். பசை இறுகும் வரை பிடித்துக்கொள்ள இரண்டு பின்னை எதிரெதிர்ச் சாய்வில் அடிக்கலாம், அவ்வளவே. கான்கிரீட் ஆணி வேண்டவே வேண்டாம், பீடிங் பிளக்கும், பூச்சு தட்டாகக் கழன்று விழும். மாஸ்கிங் டேப்பை ஒரு அடிக்கு ஒன்று குறுக்கே இழுத்து ஒட்டி 24 மணி நேரம் விட்டால் போதும்.

பசையைப் பீடிங்கின் முதுகில் நடுவாக 5 மி.மீ. கோடாக விடுங்கள். ஓரம் வரை தடவினால் அழுத்தும்போது பிதுங்கி, துடைக்கப் போய் சுவர் அழுக்காகும். 5 மி.மீ. கோட்டில் 300 மி.லி. ட்யூப் ஒன்று 15 மீட்டர் போகும். கட்டங்கள் 26 மீட்டர், பட்டை 4, ஸ்கர்ட்டிங்குக்கு இரட்டைக் கோடு என்பதால் 7. மூன்று ட்யூப்.

பட்டையும் ஸ்கர்ட்டிங்கும் கை, கால், நாற்காலி இடிக்கும் இடம். அவற்றுக்குப் பசையோடு ஸ்க்ரூவும் வேண்டும். 6 மி.மீ. துளை, பிளக் (துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை), 60 மி.மீ. ஸ்க்ரூ, 600-க்கு ஒன்று. நீளம் ஏன் என்றால் மரம் 12, பூச்சு 15, இரண்டும் போக செங்கல்லுக்குள் 30-ஆவது போக வேண்டும். பூச்சில் மட்டும் நிற்கும் பிளக் ஆறு மாதத்தில் ஆடும். தலையைக் குழித்து இறக்கிவிட்டுப் பட்டி வையுங்கள். துளை போடும் முன் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் ஒயர் தேடும் கருவியை ஓட்டிப் பாருங்கள், அதன் பிறகு மெயினை அணையுங்கள். ஒயர் போகும் பைப் பெரும்பாலும் போர்டிலிருந்து நேராகத்தான் மேலே ஏறும், ஆனால் 900 உயரத்தில் குறுக்கே போயிருக்கவும் கூடும்.

---

உப்புத்தாள்

மெட்டீரியல் கேள்விய யாரும் தொடலயே. கட்டத்துக்கும் பட்டைக்கும் எம்டிஎஃப் எடுங்க, பச்சை நிற ஈரம் தாங்கும் ரகம். விளிம்பு கூர்மையா நிக்கும், பட்டி பிடிக்கும், தேய்க்கலாம். பச்சைங்கறது அடையாளச் சாயம்தான், தண்ணில ஊறினா அதுவும் உப்பும். கார்னிஸுக்கு பியூ. எடை கம்மி, ஒரு ஆள் பிடிச்சு ஒட்டலாம். பியூ துண்டும் துண்டும் சேர்ற இடத்துல அதுக்குன்னே விக்கிற ஜாயின்ட் பசைய வைக்கணும். வெறும் பட்டிய வெச்சா அந்த இடம் கோடா விரியும்.

ஸ்கர்ட்டிங்குக்கு எம்டிஎஃப் வேணாம். மாப் போடற தண்ணி அடி விளிம்புல ஏறி, அந்த ஓரம் மட்டும் தடிச்சு நிக்கும், தேய்ச்சாலும் போகாது. அடர் பாலிஸ்டைரீன் இல்லன்னா பிவிசி போடுங்க.

பாலிஸ்டைரீன் வாங்கினா பசைல கவனம். சால்வென்ட் கலந்த பசை, தின்னர் கலந்த பிரைமர் ரெண்டும் அதைக் கரைச்சுடும். முதுகுல பள்ளம் விழுந்து முன்பக்கம் அலை அலையா தெரியும். தண்ணி அடிப்படை அக்ரிலிக் பசை இல்லன்னா பாலிமர் பசைதான். சந்தேகம்னா ஒரு துண்டுல ஒரு சொட்டு விட்டு அரை மணி பாருங்க.

எந்தக் குச்சியா இருந்தாலும் வாங்கின அன்னிக்கே வெட்டாதீங்க. 48 மணி நேரம் அதே அறைல படுக்க வெச்சு விடுங்க. நிறுத்தி வெச்சா வில்லா வளையும்.

பெயின்ட்ல முக்கால் வேலைய ஒட்டறதுக்கு முன்னாடியே முடிங்க. குச்சியா இருக்கும்போதே பிரைமர் ஒரு கோட், 240 உப்புத்தாள், கலர் ஒரு கோட். எம்டிஎஃப்ல வெட்டு முகமும் இழைச்ச பள்ளமும் பஞ்சு மாதிரி பெயின்டைக் குடிக்கும். அந்த இடத்துக்கு ஆயில் பிரைமர் ரெண்டு கோட், நடுவுல தேய்ப்பு. தண்ணி பிரைமர் அடிச்சா நார் எழும்பி சொரசொரன்னு ஆகும். முதுகுப் பக்கம் பிரைமர் வேணாம், பசை வெறும் எம்டிஎஃப்ல நல்லா பிடிக்கும்.

ஒட்டின பிறகு ரெண்டு விதமான சந்து இருக்கும், ரெண்டுக்கும் வேற வேற சரக்கு. மூலைச் சந்துக்கு மரப்பட்டி, காஞ்சதும் தேய்ச்சு விளிம்பைக் கூர்மையா எடுக்கலாம். பீடிங்குக்கும் சுவருக்கும் நடுவுல அக்ரிலிக் சீலண்ட், அது கொஞ்சம் இழுபடும், சுவர் அசைஞ்சாலும் விரியாது. மாத்திப் போட்டா மூலைல ரப்பர் மாதிரி மழுங்கலா நிக்கும், சுவரோரம் பட்டி வெடிக்கும். சிலிகான் மட்டும் எங்கேயும் வேணாம், அது மேல பெயின்ட் ஒட்டாது, ஒரு தடவை தடவிட்டா சுரண்டி எடுக்கறதும் பாடு. சீலண்ட் மூக்கை 3 மி.மீ.க்கு வெட்டுங்க, கிட்டத்தட்ட 62 மீட்டர் இழுக்கணும், ரெண்டு ட்யூப் ஆகும். ஈர விரலால ஒரே இழுப்பு. காஞ்சதும் சுருங்கிப் பள்ளம் விழும், ஒரு நாள் விட்டு ரெண்டாவது தடவை இழுத்துட்டுப் பெயின்ட் அடிங்க.

எல்லாம் ஒரே வெள்ளைன்னு முடிவு பண்ணது நல்லது. சுவருக்கு மேட், பீடிங்குக்கு சாட்டின்னு பளபளப்புல மட்டும் வித்தியாசம் காட்டுங்க. சுவரை அடர் நிறமா மாத்தினா ஒவ்வொரு சந்தும் பல்லைக் காட்டும்.

---

இழைப்புளி

ஸ்கர்ட்டிங் விஷயத்தில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். பாலிஸ்டைரீன் வேக்குவம் கிளீனர் இடித்தாலே குழியும். எம்டிஎஃப்பைத் தரையிலிருந்து ஒரு நூல் தூக்கி வைத்து, அடி விளிம்புக்கும் முதுகின் கீழ் 20 மி.மீ.க்கும் ஆயில் பிரைமர் இரண்டு கோட் அடித்து, அந்தச் சந்தைச் சீலண்டால் மூடினால் நிற்கும். தூக்கி வைக்க 3 மி.மீ. ப்ளாஸ்டிக் துண்டுகளைக் கீழே செருகி, பசை இறுகியதும் உருவுங்கள். தரையில் தண்ணீர் விட்டுக் கழுவும் வீடு என்றால் பிவிசிதான், அங்கே வாதம் இல்லை.

---

புதுச்சாவி

மாப் மட்டும்தான், ஆனாலும் பிவிசியே எடுத்துக்கறேன். எதிர்ச் சுவர்ல டிவிக்குப் பின்னாடி வரி வரியா வர்ற டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) ஃப்ளூட்டட் பேனல் போடலாம்னும் ஒரு யோசனை. இதே பசை வெச்சு நேரா சுவர்ல ஒட்டலாமா?

---

ரசமட்டம்

சுவர் கண்ணாடிபோல் சமமாக இருந்தால் ஒட்டலாம். டிவி வரும் சுவருக்கு அது சரியான வழி இல்லை, ஒயர் ஓட பின்னால் இடம் வேண்டுமே. 12 மி.மீ. பிளைவுட் பட்டைகளை 400 மி.மீ.க்கு ஒன்றாகக் குறுக்கே ரீப்பர் அடித்து, ரீப்பர்களை மட்டத்துக்குக் கொண்டுவந்து, பேனலின் காடி (ஓரப் பள்ளம்) வழியாக ஸ்க்ரூ போட வேண்டும். அடுத்த பேனல் அந்தத் தலையை மறைத்துவிடும்.

பேனலின் பெயரளவு அகலத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஒன்றுக்குள் ஒன்று செருகிய பின் வெளியே தெரியும் அகலத்தை அளந்து, சுவர் அகலத்தை அதனால் வகுங்கள். கடைசித் துண்டு பாதிக்கும் குறைவாக வந்தால் முதல் பேனலையும் கடைசிப் பேனலையும் சமமாக வெட்டிப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் இரண்டு வரி தொங்கிக்கொண்டிருப்பது அசிங்கம். முதல் பேனல் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்க வேண்டும், அது 2 மி.மீ. சாய்ந்தால் எதிர் முனை வரைக்கும் அந்தச் சாய்வு போகும்.

மேலும் கீழும் 4 மி.மீ. சந்து விடுங்கள். பிளாஸ்டிக் கலந்த பொருள் சூட்டில் நீளும். 2.7 மீட்டர் பேனல் 20 டிகிரி ஏறினால் 3 மி.மீ. வரை போகலாம், இடமில்லாவிட்டால் நடுவில் வயிறு தள்ளும். ஜன்னல் வெயில் நேராக விழும் சுவரில் கறுப்பு, அடர் பழுப்பு வேண்டாம்.

டிவி பிராக்கெட்டைப் பேனலிலோ ரீப்பரிலோ மாட்டக் கூடாது. அந்த இடத்தில் ரீப்பரும் பேனலும் சேர்ந்த கனத்துக்கு ஒரு கட்டையைச் சுவரோடு இறுக்கி, ஆங்கர் போல்ட் கட்டை வழியாகச் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். ஹெச்டிஎம்ஐ ஒயர் போக 40 மி.மீ. பைப் ஒன்றை இப்போதே வைத்துவிடுங்கள், பேனல் மாட்டிய பிறகு பிளக்கின் தலை எந்தச் சந்திலும் நுழையாது.

---

கரணை

இதோடு ஒன்று: அந்தச் சுவரில் சுவிட்சோ ப்ளக்கோ இருந்தால், ரீப்பரும் பேனலும் சேர்ந்த கனத்துக்கு மெட்டல் பாக்ஸையும் முன்னால் கொண்டுவர வேண்டும். நீள ஸ்க்ரூ போட்டு முகப்பை மட்டும் முன்னே இழுத்தால், பாக்ஸுக்கும் முகப்புக்கும் நடுவே ரீப்பர் இடைவெளி திறந்து கிடக்கும். இணைப்பு சூடேறினால் பிளைவுட் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும். எலக்ட்ரீஷியனை ரீப்பர் அடித்த பிறகு, பேனல் ஏற்றும் முன் வரச் சொல்லுங்கள்.

---

புதுச்சாவி

சரி. கடைசியா ஒண்ணு, 60 மி.மீ. பட்டை இடது மூலைல சுவரோட முட்டி நின்னுடும். வலது மூலைலயும் அப்படியே நிறுத்திடலாமா? பாத்ரூம் சுவர் காயற வரைக்கும் அந்தப் பக்கம் திருப்ப முடியாதே.

---

இழைப்புளி

நிறுத்தலாம். நேர் வெட்டாக மூலையில் முட்ட விடுங்கள், 45 வெட்ட வேண்டாம். பின்னால் வலது சுவரைத் தொடரும்போது புதுப் பட்டையின் முனையை, இந்தப் பட்டையின் பக்கத்தோற்றம் எப்படி இருக்கிறதோ அதே வடிவில் கோப்பிங் ரம்பத்தால் (வளைவு வெட்டும் மெல்லிய ரம்பம்) குடைந்து இதன் மேல் பொருத்தலாம். மூலை 90 இல்லாமல் 92 இருந்தாலும் அந்த முறையில் சந்து திறக்காது. பட்டை 3658, குச்சி 2400 என்பதால் நடுவில் ஒரு இணைப்பு வரும். அதை நேர் முட்டாக வைக்காமல் இரண்டு துண்டையும் 45-இல் சாய்த்து ஒன்றன் மேல் ஒன்று படியும்படி ஒட்டுங்கள். இணைப்பு சோபா பக்கம் விழட்டும். மிச்சப் பட்டையில் ஒரு அடித் துண்டைப் பெயின்ட் அடித்து எடுத்து வையுங்கள், வலது சுவருக்கு வாங்கும்போது அதே அச்சா என்று வைத்துப் பார்க்கத் தேவைப்படும்.